சூனியக்காரிக்குக் குரல்

அன்று டப்பிங்குக்கு வந்திருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் டென்சில். இந்தப் பக்கம், ஆட்களைச் சேர்த்துக் கூட்டி வருகிற சபாபதி. பெரிய சிரிப்புக்கும் பெரிய அழுகைக்கும் ஜெசிந்தா. போலீஸ்காரர், முதலாளி, மாமனார் என்று கனத்த குரல் எதுவானாலும் ரஹீம் பாய். ஆடு மாடு நாய்க்குப் பேர்போன முருகானந்தம். இரண்டு பிள்ளைக்குத் தாயாகியும் பள்ளிக்கூடப் பையனாகவே பேசிக்கொண்டிருக்கும் பார்கவி. தொழிலுக்கு வந்து நாலு மாதமே ஆன மோனிஷா. எட்டாவது தையல்நாயகி. எண்ணும்போது தன்னைக் கடைசியில் வைப்பது அவள் வழக்கம். கதவை ஒட்டிய நாற்காலியில், ஏசிக் காற்று நேராக அடிக்காத இடமாகப் பார்த்து, கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். துண்டுக்கு அடியில் தழும்பு எதுவும் இல்லை. வாய் வழியாகவே கருவியை விட்டு எடுத்துவிட்டார்கள், தொண்டையில் பரு மாதிரி ஒன்றுதான், கெட்டது இல்லை, ஆனால் அம்மா, பழைய குரல் அப்படியே வரும்னு எதிர்பார்க்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா பேசுங்க, ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல வேண்டாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. இருபது நிமிஷத்தை எப்படி அளப்பது? பேச்சு என்ன குழாய்த் தண்ணீரா, குடம் வைத்துப் பிடிக்க? அவள் அதை அறுபது வாக்கியமாக மாற்றிக்கொண்டாள். எட்டாம் வகுப்போடு நின்ற கணக்குத்தான், ஆனால் கணக்கு கணக்குத்தான். விரல் கணுக்களில் கட்டை விரலை ஓட்டி எண்ணுவாள். ‘சரி’ என்றாலும் ஒன்று. ‘ம்’ என்றால் கணக்கில் இல்லை, அதற்கு வாய் திறக்க வேண்டாம். இன்றைக்கு மத்தியானம் வரை பால்காரர், ஆட்டோ, மாடி ஏறும்போது எதிரே வந்த காவல்காரர் எல்லாருக்குமாகப் பதினேழு போயிருந்தது. நாலு மணிக்குப் பக்கத்து அறையில் அவளுக்குக் குரல் சோதனை. அதற்கு எவ்வளவு போகும் என்று தெரியவில்லை. ஆறு மணிக்கு மேல் நாக்பூருக்கு, மகள் சுகுணாவுக்குப் பேச வேண்டும். அதற்கு எவ்வளவு வேண்டும் என்றும் தெரியவில்லை. இரண்டு தெரியாத எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

முதலில் எடுத்தது ரேஷன் கடை வரிசை. திரையில் நாற்பது பேர் வாயசைத்துச் சண்டை போட்டார்கள். அந்த நாற்பது வாய்க்கும் இங்கே ஆறு பேர். “யோவ், வரிசையில வாய்யா,” என்று ரஹீம் பாய் முழங்கினார். “எம்மா, நாங்க என்ன பூசணிக்காய் விக்கவா நிக்கறோம்?” என்று ஜெசிந்தா எகிறினாள். பூசணிக்காய் வசனத்தில் இல்லை, அவளாகப் போட்டது. தையல்நாயகி கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைத்தாள். கிசுகிசுப்பதுகூடக் கூடாது, கத்துவதைவிட அது மோசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கை நீட்டினாள், முகத்தைச் சுளித்தாள், கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவது போல நின்றாள். காற்றுகூட வெளியே வரவில்லை. குரல் கொடுக்க வந்த இடத்தில் சும்மா வாயசைத்துவிட்டுப் போவது திருட்டு. அது அவளுக்குத் தெரியும். சபாபதிக்கும் தெரிந்திருக்கும். மூன்று வாரமாக அவன், “அக்கா, நீங்க பின்னாடி நின்னுக்கங்க, உங்க குரல் முன்னாடி வந்துருது,” என்று சொல்கிறான். முன்னாடி வருகிற குரல்தான், ஒரு காலத்தில். இருபது பேர் கத்தினாலும் அதில் அவள் குரல் தனியாகத் தெரிகிறது என்று கூட்டத்திலிருந்து அவளைப் பிடித்து இழுத்து ஒற்றை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். அப்போது நடிகை ஹேமலேகா வந்த புதிது. தமிழில் ஒரு சொல் தெரியாது. வசனத்துக்குப் பதிலாக அவள் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களைச் சொல்லி நடித்திருந்தாள். அந்த எண்களின் மேல் சொற்களைப் படிய வைக்க வேண்டும். அந்த நாளில் படச்சுருளை வெட்டி வளையமாக ஒட்டிச் சுற்றவிடுவார்கள். ஒரே வாய் திறந்து மூடித் திறந்து மூடி, இருட்டில் அரை மணி நேரம். அப்படிப் பார்த்துப் பார்த்து ஹேமலேகாவின் வாய் அவளுக்குப் பாடமாகிவிட்டது. கீழுதட்டில் இடப்பக்கம் சின்னத் தழும்பு. ‘ப’ வரும் முன் ஒரு நொடி தயங்கும் மேலுதடு. சிரிப்பு தொடங்குவது வலது ஓரத்தில். சுகுணாவின் வாய் எப்படி இருக்கும்? பால் பல் விழுந்த இடம் எது, முன்பல்லா, பக்கத்துப் பல்லா? “கட். நல்லாருக்கு, பூசணிக்காய் இருக்கட்டும்,” என்றார் டென்சில்.

டீ வந்தது. அவளுக்கு மட்டும் வெந்நீர். மோனிஷா கைப்பேசியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, “அண்ணே, ஓட்டுப் போட்டாச்சா?” என்றாள். முருகானந்தம், “எந்தத் தொகுதிக்கு?” என்றார். சூனியக்காரி தொகுதிக்கு. பெரிய கம்பெனி ஒன்று பழைய கதையைப் படமாக்கப் போகிறதாம். பசியோடு வரும் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, சாப்பிட்டவர்களை ஆட்டுக்குட்டியாக்கிக் கொல்லையில் கட்டிப்போடும் சூனியக்காரியின் கதை. யார் சூனியக்காரி என்று கம்பெனி இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்குள் ரசிகர்களே ஆளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். இவங்க நடிச்சா எப்படி, அவங்க நடிச்சா எப்படி என்று படம் செய்து போட்டு, ஓட்டு வைத்து, சண்டை போட்டு, இப்போது ஹேமலேகா எல்லாரையும் விட எங்கேயோ முன்னால் நிற்கிறாள். எல்லாம் தேனிப் பக்கத்து ரசிகன் ஒருவன் செய்த ஒரு நிமிஷ வீடியோவால். “கோரமா மேக்கப் போட்டு, ஹா ஹான்னு சிரிக்க வெச்சு எல்லாரும் செஞ்சாங்க. இவன் அப்படிச் செய்யல அண்ணே. அவங்க அம்மாவா நடிச்ச பழைய படத்துலேர்ந்து ஒரே ஒரு டயலாக்க எடுத்துப் போட்டிருக்கான். அவ்ளோதான். எனக்கு உடம்பே சில்லுனு ஆயிடுச்சு.” வீடியோவை ஓடவிட்டாள். தையல்நாயகி காலையிலேயே அதைப் பார்த்துவிட்டாள். ஹேமலேகாவின் முகம், சடைபிடித்த வெள்ளை முடி, பின்னால் கொல்லையில் மினுங்கும் கண்கள். வாசலில் நின்று அவள் சொல்கிறாள்: “வா கண்ணு, சோறு ஆறிப் போகுது.” அவ்வளவு பாசமாக. அவ்வளவு பாசமாகச் சொல்வதுதான் பயம். மோனிஷா கீழே எழுதியிருந்ததைப் படித்தாள்: “குலை நடுங்குது தலைவி. இந்தக் குரலுக்கே தனியா வில்லி பட்டம் குடுக்கலாம். இவ்வளவு ஆசையா கூப்பிடறவங்கள நம்பவே கூடாது. எங்க அம்மாவும் இப்படித்தான் கூப்பிடும், அப்புறம் அடி விழும்.” எல்லாரும் சிரித்தார்கள். முருகானந்தம் ஆட்டுக்குட்டியாகக் கத்தினார். “ஹேமா மேடம் வாய்ஸ் ஒரு மாதிரி மேஜிக்குங்க,” என்றாள் மோனிஷா. ஜெசிந்தா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். “ஏண்டி, அந்த மேஜிக் யாருதுன்னு நெனச்ச? உன் பக்கத்துல உக்காந்து வெந்நித் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கு பாரு, துண்டைப் போத்திக்கிட்டு.” மோனிஷாவின் வாய் திறந்தபடி நின்றது. “சும்மா இரு ஜெசி,” என்றாள் தையல்நாயகி. பதினெட்டு. “அக்கா, நீங்களா? அந்தப் படமா? நான் அத எட்டு வயசுல பாத்தேன்கா, எங்கம்மா மடியில படுத்துக்கிட்டு.” கையைப் பிடித்துக்கொண்டாள். கையை உதறவும் முடியாது, வைத்திருக்கவும் கூச்சம். “நல்லாருக்கும்மா,” என்றாள், எது நல்லாருக்கு என்று அவளுக்கே தெரியாமல். பத்தொன்பது.

நல்லாருக்கா? அந்த ஆறு சொல்லோ ஐந்து சொல்லோ, எண்ணினால் ஐந்துதான் வருகிறது, அதை அவள் பேசிய அன்று சுகுணாவுக்குக் காய்ச்சல். எதிர் போர்ஷன் பாக்கியத்திடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மைக்குக்கு முன்னால் நின்றபோது ஹேமலேகாவின் முகம் தெரிந்தது, படத்தில் இருந்த பிள்ளையின் முகம் தெரியவில்லை, சுகுணாவுக்குத்தான் சொன்னாள். கஞ்சி வைத்துவிட்டு வந்தோமே, ஆறிப்போயிருக்குமே, பாக்கியம் சுடவைத்துத் தருவாளோ மாட்டாளோ என்று அந்தத் தவிப்பு அத்தனையையும் அந்த ஐந்து சொல்லில் வைத்தாள். ஒரே டேக். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனபோது சுகுணா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் என்ன செய்தாள்? மறுநாளும் ரெக்கார்டிங். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வாய் திறக்கக் கூடாது. அது அந்தக் காலத்துக் குரல்காரர்கள் எல்லாரும் வைத்திருந்த கட்டுப்பாடு, பாடுகிறவர்கள் தயிரை ஒதுக்குவது மாதிரி. அவள் மற்றவர்களைவிடக் கறாராக வைத்திருந்தாள். தனியாளாக ஒரு பிள்ளையை வளர்ப்பதற்கு அந்தத் தொண்டையை விட்டால் வேறொன்றும் இல்லை என்பதால் அப்படி. வீட்டில் எல்லாவற்றுக்கும் கை தட்டல். ஒரு தட்டு என்றால் சாப்பிட வா. இரண்டு தட்டு என்றால் படி. மூன்று என்றால் போதும், விளக்கை அணை. பிள்ளை அதை விளையாட்டு மாதிரிப் பழகிக்கொண்டது. பாக்கியம் ஒருநாள், “ஏன் தையலு, பெத்த புள்ளைய நாய்க்குட்டி மாதிரி கூப்படறியே,” என்றாள். அதற்கும் பதில் சொல்லவில்லை, மறுநாள் ரெக்கார்டிங். அன்று காய்ச்சல்காரிக்கும் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கஞ்சியைச் சுடவைத்துக் கொண்டுவந்து ஒரு தட்டுத் தட்டினாள். சுகுணா எழுந்து உட்கார்ந்து குடித்தாள். குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பித் தந்தாள். இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று எத்தனையோ தடவை தேடிப் பார்த்தாயிற்று. கஞ்சி சூடாக இருந்தது. கை குளிர்ந்து இருந்தது, காய்ச்சலுக்கு இதமாகத்தான் இருந்திருக்கும். வாய் மட்டும் மூடியிருந்தது. வாய் மூடியிருந்தது தொழிலுக்காக. தொழில் பிள்ளைக்காக. அப்படியானால் வாய் மூடியிருந்தது பிள்ளைக்காக. கணக்கு சரியாகத்தான் வருகிறது. சரியாக வருகிற கணக்கு ஏன் ஒவ்வொரு தடவையும் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்கிறது?

படம் வந்து இரண்டாம் வாரம் காலைக் காட்சிக்குச் சுகுணாவைக் கூட்டிப் போனாள். பிள்ளைக்கு ஒன்பது வயது. ஹேமலேகா வாசலில் நின்று, “வா கண்ணு, சோறு ஆறிப் போகுது,” என்றபோது கொட்டகையில் பலபேர் மூக்கை உறிஞ்சினார்கள். இருட்டில் சுகுணா திரையிலிருந்து தலையைத் திருப்பி அம்மாவின் வாயைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. மறுபடி திரையைப் பார்த்தாள், மறுபடி வாயை. குரல் எங்கேயிருந்து வருகிறது என்று தேடுகிற பார்வை. வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸில், “அந்த அம்மா மாதிரி ஒரு தடவை கூப்பிடும்மா,” என்றாள். நாளைக்கு ரெக்கார்டிங் என்று தையல்நாயகி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். பிள்ளை புரிந்தது போலத் தலையை ஆட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்த நாளைக்கு மறுநாள் கூப்பிட்டிருக்கலாமே. அதற்கு மறுநாள் ஏதோ ஞாபகப் பிசகு. பிறகு மறந்தேபோனது. சுகுணா பெரியவளாகி, படித்து, ரயில்வேக்காரரைக் கட்டி நாக்பூருக்குப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. போனில் பேசுவார்கள். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அவர் நல்லா இருக்காரா, இருக்கார், சரி வைக்கட்டுமா. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடப் பேச்சு வேண்டும். ஆபரேஷனைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வருவாள், வந்து உட்கார்ந்தால் இரண்டு பேரும் என்ன பேசுவது? அதுவும் டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கும்போது. இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு அந்தத் தேனிப் பையன் செய்த வீடியோவை சுகுணா அனுப்பியிருந்தாள். கீழே ஒரு எழுத்து இல்லை. புள்ளிகூட இல்லை. பார் அம்மா, உன் குரலை எல்லாரும் புகழ்கிறார்கள் என்று அனுப்பினாளா? பார், ஊரே கண்டுபிடித்துவிட்டது என்று அனுப்பினாளா? ஒன்றும் எழுதாமல் அனுப்பும் பழக்கத்தை அவள் வேறு எங்கே போய்க் கற்றுக்கொண்டிருப்பாள்? தேனிப் பையனுக்கு வயது என்ன இருக்கும், இருபதா? அவன் எதைக் கேட்டான் அந்த ஐந்து சொல்லில்? கூப்பிடுகிறவள் வரமாட்டாள் என்பதைக் கேட்டுவிட்டானா?

“அக்கா,” என்று சபாபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நேற்றே சொன்னதைத்தான் மறுபடி சொன்னான், சந்தோஷம் தாங்காமல். வீடியோ ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக் கம்பெனியே ஹேமலேகாவிடம் பேசி முடித்துவிட்டது. அறிவிப்பு அடுத்த வாரம். ஆனால் ஹேமலேகா இத்தனை வருஷம் கழித்தும் தமிழைக் கடித்துத்தான் துப்புவாள். அந்தப் பழைய குரல் வேண்டும், அதே ஆள் வேண்டும் என்று டைரக்டர் பிடிவாதம். “டைட்டில்ல உங்க பேரு போடறாங்களாம்கா. தனிக் கார்டு. நான் கேட்டு வாங்கினேன்.” தையல்நாயகி என்று திரையில் ஒருமுறைகூட வந்ததில்லை. ஹேமலேகாவுக்குப் பதினோரு படம் பேசியிருக்கிறாள். விருது வாங்கிய படமும் அதில் ஒன்று. நூறாவது நாள் விழாவில் ஹேமலேகா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண் கலங்க எதையோ நீளமாகச் சொன்னாள், அவளுடைய பாஷையில். பக்கத்திலிருந்தவர் அதைத் தமிழில் சொல்வதற்குள் யாரோ மாலையோடு வந்துவிட்டார்கள். அது நன்றியா, மன்னிப்பா, இல்லை பசிக்கிறது சாப்பாடு எங்கே என்றாளா? இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த வாய் அசைந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குத் தமிழில் என்ன சொல் பொருந்தும் என்று பல நாள் யோசித்திருக்கிறாள். ‘பாவம் நீ’ என்பது பொருந்தியது. வேறு பலவும் பொருந்தின. பேர் வேண்டும் என்று இருந்தது. அறுபத்து மூன்று வயதில் இது என்ன ஆசை என்று கூச்சமாகவும் இருந்தது. ஆனால் இருந்தது, எச்சில் ஊறுவது போல. “எத்தனை டயலாக்?” என்று கேட்டாள். இருபது. “எட்டே எட்டுதான்கா. அரை மணி நேர வேலை. உங்களுக்கு ஒரே டேக்.” “சரி,” என்றாள். இருபத்தொன்று. மிச்சம் முப்பத்தொன்பது. எட்டைக் கழித்தால் முப்பத்தொன்று. முப்பத்தொரு வாக்கியத்தில் ஒரு மகளிடம் என்னென்ன சொல்லலாம்! ஒரு நிமிஷம் அவளுக்கு அது பெரிய செல்வமாகத் தோன்றியது.

அடுத்து விபத்துக் காட்சி. லாரி ஒன்று கவிழ்ந்து கிடக்க, ஓடி வருகிற கூட்டம். “யாராவது தண்ணி கொண்டாங்கப்பா.” “தூக்காத, தூக்காத.” ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், நிஜமாகவே கண்ணீர் வந்தது, டென்சில் கட் என்றதும் முந்தானையால் துடைத்துக்கொண்டு, “பாவி லாரிக்காரன்,” என்று சிரித்தாள். தையல்நாயகி பின்னால் நின்று வாயைத் திறந்து மூடினாள். வாய்க்குள் ஏசிக் காற்று போயிற்று. தொண்டையில் அந்த இடம் தெரிந்தது. வலி என்று சொல்ல முடியாது, ஏதோ ஒன்றை எடுத்த இடம், பல் பிடுங்கிய இடத்தில் நாக்கு போய்ப் போய் நிற்பது போல நினைப்பு அங்கே போய் நின்றது. வருமா? காலையில் குளியலறையில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். கணக்கில் ஒன்று குறையும் என்று விட்டாள். அது பொய். வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் விட்டாள். வந்துவிட்டாலும் பயம்தான். அந்தப் பாசம் அவ்வளவு சுலபமாக, சொன்ன மாத்திரத்தில், மைக்கைப் பார்த்த மாத்திரத்தில் வந்துவிட்டால், அப்புறம் அது எந்தச் சரக்கு? கூட்டம் கத்திக்கொண்டே இருந்தது. திரையில் ஒரு சிறுமி லாரிக்குக் கீழே எதையோ தேடினாள். அவளுக்குப் பார்கவி பேசினாள்: “அம்மா எங்கம்மா இருக்க.” எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். பார்கவி அதையே மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டாவது நல்லா இருந்துச்சுல்ல என்று டென்சிலிடம் கேட்டாள்.

பக்கத்து அறை சின்னது. ஒரு மைக், ஒரு திரை, கண்ணாடிக்குப் பின்னால் உதவி இயக்குநர் பிரதீஷ், பக்கத்தில் டென்சில். பிரதீஷ் எழுந்து நின்று கும்பிட்டான், நல்ல பிள்ளை. “அம்மா, நீங்க பேசினதக் கேட்டு வளந்தவன் நான். பயமுறுத்தவே வேணாம்மா. சூனியக்காரியா நினைக்காதீங்க. அந்த வீடியோல இருக்கே, அதே அம்மா. அந்த டயலாக்க டைரக்டர் அப்படியே ஸ்கிரிப்ட்ல வெச்சுட்டாரு. அத மட்டும் கடைசில எடுத்துப்போம்.” தலையை ஆட்டினாள். விளக்கு அணைந்தது. ஹேமலேகா வந்தாள், ஒப்பனைச் சோதனைக்காக எடுத்த காட்சி, வெள்ளை முடியோடு. முகம் இளைத்திருந்தது. கீழுதட்டுத் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. தன்னை அறியாமல் தையல்நாயகியின் உதடு அவள் உதட்டோடு சேர்ந்து அசைந்தது. அந்த வாயை உடம்பு மறக்கவில்லை. முதல் வாக்கியம் பாதியில் உடைந்தது. கரகரப்பு என்றால்கூடச் சமாளிக்கலாம், நடுவில் சத்தமே இல்லாமல் ஒரு பள்ளம், ரயில் குகைக்குள் போய் வெளியே வருவது போல. “பரவால்லம்மா, இன்னொரு தடவ.” இரண்டாம் தடவை பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். எங்கே குரல் இல்லையோ அங்கே மூச்சை வைத்தாள். அது பொருந்தியது. ஏழு வாக்கியத்துக்குப் பதின்மூன்று போயிற்று. மிச்சம் இருபத்தாறு. ஒரே டேக் என்றானே சபாபதி. இனி அந்த ஐந்து சொல். முதல் தடவை சொன்னபோது டென்சில் கண்ணாடிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார், நெடுநாள் பழக்கம், மோசம் என்றால் அப்படித்தான் செய்வார். பிரதீஷ், “இன்னும் கொஞ்சம் பாசமா,” என்றான். இரண்டு. மூன்று. “அந்த ‘கண்ணு’ இன்னும் குழையணும்மா.” குழைத்தாள். தொண்டையில் மணல். நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு தடவையும் சுகுணாவின் முகத்தை வரவழைக்கப் பார்த்தாள். ஒன்பது வயது முகம் வந்தது, வந்து வாயைப் பார்த்தது. நாற்பதைத் தாண்டிய இப்போதைய முகம் வரவே இல்லை. அந்த முகத்தை அவள் அவ்வளவாகப் பார்த்ததில்லை. ஏழு, எட்டு. “டைரக்டர் அப்படியே அந்த வீடியோ மாதிரி கேட்பாரும்மா, தப்பா நினைக்காதீங்க.” ஒன்பது. பத்து. யாருக்குச் சொல்கிறோம் என்பதே போய்விட்டது. சோறும் இல்லை, கண்ணும் இல்லை, ஒரு வாய் திறந்து மூடுகிறது, அதில் சத்தத்தை வைக்க வேண்டும். களைப்பு முழங்காலில் இருந்து ஏறியது. பதினோராவது தடவை பாசத்துக்கு முயலவே இல்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, அடுப்பை மூட்டி, இறக்கி வைத்து, இன்னும் வரவில்லையே என்று சலிப்போடு கூப்பிடுகிற ஒரு பொம்பளையின் குரலாக அது வெளியே வந்தது. நடுவில் உடைந்தது. உடைந்த இடத்தில் ஹேமலேகாவின் மேலுதடு தயங்கியது, சரியாக. டென்சில் தலையைத் தூக்கினார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

பிரதீஷ் அதை ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டான். பிறகு மைக்கில் வந்தான். “அம்மா, இது வேற மாதிரி இருக்கு. நல்லாதான் இருக்கு, ஆனா வீடியோல இருக்கற மாதிரி இல்ல. சேஃப்டிக்கு இன்னும் ரெண்டு மூணு எடுத்து வெச்சுப்போம். ஸ்வீட்டா.” சேஃப்டிக்கு என்று கேட்டால் கொடுத்துவிட வேண்டும். கேட்பவர் எவ்வளவு சின்னப் பிள்ளையானாலும், எத்தனையாவது தடவையானாலும். அவள் இந்தத் தொழிலில் மறுத்த டேக் ஒன்றுகூட இல்லை. கட்டை விரல் சுண்டு விரலின் கடைசிக் கணுவில் நின்றுகொண்டிருந்தது. மிச்சம் பதினைந்து. இரண்டு மூன்று என்றால் நான்காகும், ஆறாகும். தனிக் கார்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, வெள்ளை எழுத்தில், அவள் பேர் முழுதாக. “வேண்டாம் தம்பி,” என்றாள் மைக்கில். குரல் அறை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. யாரோ வேறு ஒரு பெண்பிள்ளை பேசியது போல இருந்தது. “எனக்கு வீட்டுல பேசணும்.” கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “சரிம்மா,” என்றான் பிரதீஷ் மெதுவாக. “இத டைரக்டருக்குப் போட்டுக் காட்டறேன். என்ன சொல்வாருன்னு தெரியல.” வெளியே சபாபதி காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். “என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? ரெண்டு டேக்குதானே கேட்டாரு? உங்க வாயில ‘வேண்டாம்’னு இன்னிக்குத்தான்கா கேக்கறேன்.” அவன் முகம் அழுவது போல இருந்தது. அவன் தோளில் கையை வைத்து அழுத்தினாள். ஏதாவது சொன்னால் தேவலை. அவனுக்குக் கொடுக்க வாக்கியம் இல்லை. துண்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படியின் திருப்பத்துக்கு வந்தாள். கீழே தெருவில் ஸ்கூட்டர்கள், பூ விற்கிறவளின் சத்தம், முருகானந்தம் யாருக்கோ நாய் மாதிரிக் குரைத்துக் காட்டும் சத்தம். போனதா, இருக்கிறதா, அந்த வேஷம்? போயிருக்கலாம். எப்படிச் சொல்வது? முதலில் ஆபரேஷனைச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று வாக்கியமாவது போகும். அழுதால் இன்னும் இரண்டு. வீடியோவைப் பற்றிக் கேட்க வேண்டும், ஆனால் கேள்வியாகக் கேட்டால் அவள் பதிலுக்குக் கேள்வி கேட்பாள். மணி ஆறரை ஆகும்வரை படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள். எண்ணை அழுத்தினாள். நாலு முறை அடித்தது. எடுத்த பிறகும் அந்தப் பக்கம் சத்தம் இல்லை, எங்கோ குக்கர் மட்டும் சீறியது. சுகுணா எப்போதும் அப்படித்தான், எடுத்ததும் காத்திருப்பாள். பிறகு, “அம்மா?” என்றாள். “என்னம்மா இந்த நேரத்துல? நாளைக்கு ரெக்கார்டிங் இல்லையா உனக்கு?” தையல்நாயகி வாயைத் திறந்தாள். கையில் பதின்மூன்று இருந்தது.